கொதிநீரில் போட்ட சட்டைகள்

வந்த 61ஆம் நாள்
மாளிகை, துவைக்கும் கூடம்

தம்பிக்கு,

நீ உயிரோடு இருக்கிறாய் என்பதை வண்டிக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். "பண்ணையில கறி வெட்டுற ஒருத்தன் இருக்கான்மா. உன் மூக்கு, உன் கோவம். தம்பியா?" என்றார். ஆமாம் என்றேன். உங்கள் பண்ணையிலிருந்து தகர டின்களை ஏற்றிக்கொண்டு இங்கே வந்து போகிற ஒரே மனிதர் அவர்தான். காலி டின்னின் மூடிக்கு அடியில் கடிதத்தைச் செருகி அனுப்புகிறேன். நீ எழுதுவதை மூடிமேல் கட்டிய கயிற்றுக்கு அடியில் செருகி அனுப்பு.

இந்த இடத்துக்கு வந்தது யாருடைய யோசனை என்பதை நான் மறக்கவில்லை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நான் என் பாட்டுக்குக் கறை எடுத்துக்கொண்டிருந்தேன். நீதான் சமையல்கட்டிலிருந்து கையில் கறிக்கத்தியோடு ஓடிவந்தாய். "அக்கா, மூணாம் நம்பர் டிரையர் வழியா வேற உலகத்துக்குப் போலாமாம். சூப்பர்வைசர் ஆள் எடுக்கிறார். அங்க மனுஷனை மனுஷனா மதிக்கிறாங்களாம்!" லாரியில் மூட்டை ஏற்றும் உன் கூட்டாளி, நாம் கண்ணாடி என்று கூப்பிடுகிறவன், அவனும் தலையாட்டினான். மூன்று பேரும் ஒருவர்பின் ஒருவராக அந்த டிரம்முக்குள் தவழ்ந்தோம். இந்தக் கூடத்தின் செப்புத் தொட்டிக்குள் வந்து விழுந்தோம். திரும்பிப் போகவும் அதுதான் வழியாம், ஆனால் தண்ணீர் நிரப்பிக் காவல் வைத்திருக்கிறார்கள். மதிக்கத்தான் செய்தார்கள். வந்ததும் கழுத்தை முகர்ந்து, தோளை அமுக்கிப் பார்த்து மதிப்புப் போட்டார்கள். நான் ரத்தக் காட்டேரிகளின் மாளிகைக்கு. நீங்கள் இருவரும் ஓநாய் மனிதர்களின் பண்ணைக்கு.

இங்கே எனக்குத் தலையணை உறை வேலை. காட்டேரிகள் தூங்கும்போது வாயிலிருந்து குடித்தது கட்டி கட்டியாக வழியும். அழுகின மீன்கூடைக்குள் முகத்தை வைத்த மாதிரி நாறும். பச்சைத்தண்ணீரில் ஊறப்போட்டால் கறை விட்டுவிடும். வெந்நீர் மட்டும் படக்கூடாது, பட்டால் துணி கிழியும்வரை ரத்தம் போகாது. உனக்கே தெரியும், உன் ஏப்ரனை இத்தனை வருடம் துவைத்தவள் நான்தான்.

வாரம் ஒரு கோப்பை என் ரத்தமும் எடுத்துக்கொள்கிறார்கள். ஊசிதான், பல் இல்லை. மெத்தை தந்திருக்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும், சுவரில் மூத்திரம் அடித்து எல்லை போடுகிற உன் முதலாளிகளைவிட இவர்கள் தேவலை.

கண்ணாடி எப்படி இருக்கிறான்?

அக்கா


சபதத்துக்கு இன்னும் 37 நாள்
பண்ணை, வெட்டுக்கொட்டகை

அக்காவுக்கு,

கண்ணாடி செத்துப்போனான். உன் தேவலையான ஆட்கள்தான் கொன்றார்கள்.

நீ மெத்தையில் படுத்திருப்பதால் வெளியே நடப்பது தெரிந்திருக்காது. அறுபது நாளுக்கு ஒருமுறை இரண்டு வீட்டாரும் எல்லைப் பள்ளத்துக்கு வந்து பகைச் சபதம் எடுப்பார்கள். பட்டப்பகலில்தான். இந்தக் கரையில் ஓநாய்கள், அந்தக் கரையில் காட்டேரிகள். காட்டேரிகளுக்கு வெயில் ஆகாது என்று உன்னைப் போன்றவர்கள் பின்னால் நின்று கறுப்புக்குடை பிடிப்பார்கள். நடுப்பள்ளத்தில் இறங்கி அடித்துக்கொள்வது யார் என்று கேள். நாங்கள். பக்கத்துக்கு இருபது வேலைக்காரர்கள், கையில் ஆளுக்கொரு உலக்கை.

போன சபதத்தில் கண்ணாடி தலையில் அடிபட்டு விழுந்தான். உயிர் இருந்தது, என்னைப் பார்த்துக் கையை அசைத்தான். எங்கள் பண்ணையாட்கள் அவனைக் கரையோரம் கட்டியிருந்த திரைக்குப் பின்னால் தூக்கிப்போனார்கள். அதற்குள் ஒரு காட்டேரி புகுந்து கழுத்தைக் கடித்துவிட்டதாம். பண்ணை மூத்தவர் அழுதார், அக்கா. தாடியெல்லாம் கண்ணீர். "என் பிள்ளையைக் கொன்னுட்டானுங்கடா" என்றார்.

தொட்டிக்குள் விழுந்த அன்று எங்களை இழுத்துப்போனபோது நீ ஒரு வார்த்தை பேசவில்லை. "என் தம்பி, என்கூட இருக்கட்டும்" என்று கேட்டிருந்தால் வாய் வலித்திருக்குமா? அவர்கள் காட்டிய மெத்தையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன்.

அடுத்த சபதத்துக்கு என் பெயரையும் எடுத்திருக்கிறார்கள். நானே கேட்டு வாங்கினேன். குடை பிடிக்க வந்து நிற்காதே. உலக்கைக்கு அக்கா, தம்பி தெரியாது.


வந்த 66ஆம் நாள்

தம்பிக்கு,

மூன்று நாளாக எழுத உட்கார்ந்து எழுந்துபோகிறேன். கண்ணாடி என்னிடம் சட்டையைக் கொடுத்துவிட்டு, "அக்கா, எல்லார் சட்டையும் வெள்ளை, என்னோடது எதுன்னு கண்ணாடி போட்டாலும் தெரியலை" என்று சிரிப்பான். அவனுக்காகத்தான் காலருக்கு உள்பக்கம் நீல நூலில் இரண்டு வட்டமும் நடுவில் ஒரு கோடும் தைத்தேன். உனக்குக் கத்தி. ஆஸ்பத்திரியில் ஒவ்வொருவருக்கும் ஒரு அடையாளம். அந்த நூல்தான் இப்போது கண்ணில் நிற்கிறது.

அன்று நான் பேசவில்லை. உண்மைதான். எனக்கு ஒரு நல்ல மூலை கிடைத்தது, அதைக் கெடுத்துக்கொள்ளப் பயந்தேன். மன்னிப்புக் கேட்டால் நீ காறித் துப்புவாய், அதனால் கேட்கவில்லை.

ஆனால் உன் மூத்தவர் அழுதார் என்கிறாயே, ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதை உனக்குத் தெரியாதா? நாற்பது பேர் பள்ளத்தில் அடித்துக்கொண்டபோது அவர் தாடியில் கண்ணீர்தானே விழுந்தது, அடி ஒன்றும் விழவில்லையே?

இன்னொன்று. வண்டிக்காரர் இறக்கும் டின்களில் இருப்பது ரத்தம். மாட்டு ரத்தம், போரில் பிடித்தது என்கிறான் மாளிகை மேலாள். ஒரு நடை தவறாமல், மூடி போட்டு, கயிறு கட்டி வருகிறது. எதிரியிடம் பிடுங்கியது இவ்வளவு ஒழுங்காகவா வந்து இறங்கும்? வண்டிக்காரரைக் கேட்டேன். "ரெண்டு பக்கமும் கும்பிடு போடுறவன் நான். என் வாயைக் கிளறாதம்மா" என்றார்.

பெயரைத் திரும்பக் கொடுத்துவிடு. கை சுளுக்கு என்று சொல். உன்னை இன்னும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

அக்கா


சபதத்துக்கு 30 நாள்

அக்காவுக்கு,

நீ யார் உப்பைத் தின்கிறாய் என்பது கடிதத்தின் வரிக்கு வரி தெரிகிறது. டின்களில் போவது உரத்துக்கான கழிவு என்று இங்கே சொன்னார்கள். நான் நிரப்புவதில்லை, அது உள்கொட்டகையில் நடக்கிற வேலை. அங்கே எங்களை விடமாட்டார்கள். எங்களிடம் வருவது உப்புப் பீப்பாயில் போட்ட கறி மட்டும். மலைமாடாம். தோல் உரித்து, எலும்பு எடுத்து, துண்டாக வரும். நான் முதலாளிகள் பல்லுக்குத் தக்கபடி நறுக்கவேண்டும். அவ்வளவுதான் என் வேலை.

உனக்கு அருவருப்பு வேண்டுமென்றால் தருகிறேன். பௌர்ணமி முடிந்த காலை இந்த முதலாளிகள் உருமாறித் திரும்பும்போது மயிர் கொத்துக்கொத்தாக உதிரும். சாக்கடை அடைத்துக்கொள்ளும். நான் தோள்வரை கையை விட்டு எடுக்கிறேன். தின்றதைக் கக்கிவைத்து, அதையே மறுபடி மோந்து பார்ப்பார்கள். பகலில் பார்த்தால் வயிறு பெருத்த, மயிர் முளைத்த கிழவர்கள், பேன் வேறு. இருந்தாலும் எங்களோடு ஒரே பந்தியில் உட்காருகிறார்கள். விருந்தன்று எங்களுக்கும் கறி உண்டு. உன் மாளிகையில் உன்னை உட்காரவைத்துச் சோறு போட்டார்களா?

பெயரைத் திருப்பித் தரமாட்டேன். கண்ணாடி என்னைப் பார்த்துக் கையை அசைத்தான் என்று எழுதினேனே, அதைப் படித்தாயா?


வந்த 74ஆம் நாள்

தம்பி,

இதை உட்கார்ந்து படி.

சபதத்தில் செத்தவர்களின் சட்டைகள் இங்கேதான் வருகின்றன. இரண்டு பக்கத்துச் சட்டையும். ஒரு மூலையில் குவித்து வைத்திருந்தார்கள், தலையணை உறை தீர்ந்தபின் பார் என்று. இன்று காலையில் முதல் சட்டையை எடுத்தேன். எடுத்த கையோடு பச்சைத்தண்ணீரில் முக்கி, சோப்புப் போட்டு, தேய்த்துக்கொண்டே திருப்பினேன். காலருக்கு உள்ளே நீல நூலில் இரண்டு வட்டம், நடுவில் ஒரு கோடு.

அதற்குள் கறை போய்விட்டது. பதினெட்டு வருடமாக இந்தக் கை கறையைக் கண்டால் நிற்காது. நான்தான் கழுவினேன்.

ஆனால் கழுவுமுன் கண் பார்த்ததைச் சொல்கிறேன். கழுத்தில் கடிபட்டு விழுந்தவன் சட்டை மார்பு, முதுகு எல்லாம் நனைந்திருக்கும். அவசரச் சிகிச்சைத் துணி எத்தனை மூட்டை பார்த்தவள் நான். கண்ணாடி சட்டையில் மார்பில் சொட்டு இல்லை. முதுகில் இல்லை. காலரில் மட்டும் ஒரு வளையம். ரத்தம் கீழே மார்புக்கு இறங்காமல் தலைப்பக்கம் ஓடியிருக்கிறது. எப்போது அப்படி ஓடும்? நீ கறி வெட்டுகிறவன், உனக்குத்தான் தெரியும்.

குவியலில் மிச்சம் பதின்மூன்று சட்டை. எல்லாவற்றிலும் காலரில் மட்டும்தான் வளையம். அதில் ஐந்து அடையாளம் நான் நம் ஆஸ்பத்திரியில் தைத்தவை. பல்சக்கரம், வாத்து, மூன்று புள்ளி. சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டு ஓடிவிட்டார்கள் என்று சூப்பர்வைசர் சொல்வாரே, அவர்கள்.

இவற்றைத் துவைத்து, அடையாள நூலைப் பிரித்து, அடுத்த சபதத்துக்குப் போகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டுமாம். மாளிகைச் சட்டை பண்ணைக்கு, பண்ணைச் சட்டை மாளிகைக்கு. எதிரிக்கு எவனாவது சட்டை துவைத்து அனுப்புவானா?

அக்கா


சபதத்துக்கு 25 நாள்

கண்ணாடி சட்டையைக் கழுவிவிட்டாயா? அவன் மிச்சம் என்று இருந்தது அது ஒன்றுதான். அதையும் வெளுத்துவிட்டு எனக்குக் கதை சொல்கிறாய். கறை இருந்தால் நான் பார்த்திருப்பேன். இப்போது உன் வாய்ச்சொல்தான் இருக்கிறது. அந்த வாய் அன்று திறக்கவேயில்லை.

தலைகீழாகத் தொங்கவிட்டு அறுத்தால் ரத்தம் அப்படித்தான் ஓடும். அதை நான் சொல்ல வேண்டும் என்றுதானே கேட்டாய்? சொல்லிவிட்டேன். அதனால் மூத்தவர் பொய்யர் ஆகிவிடமாட்டார்.

இனி எழுதாதே.


சபதத்துக்கு 17 நாள்

அக்கா,

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து புரியாவிட்டால் வண்டிக்காரரைக் கேள், அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

இந்த மூடிக்கயிற்றில் துணியில் சுற்றி ஒரு சின்னத் திருகாணி இருக்கும். எடுத்துப் பார். இன்று ஒரு பழைய பீப்பாயின் அடித்துண்டை நறுக்கினேன். கத்தி கிரீச் என்றது. எலும்பென்று நினைத்தேன். தோண்டி எடுத்தால் எஃகுத் திருகாணி.

இரண்டு வருடத்துக்கு முன்னால் கண்ணாடி லாரியிலிருந்து விழுந்து தோள் எலும்பு உடைந்து தகடு வைத்தார்களே, நினைவிருக்கிறதா? தகட்டில் ஆறு திருகாணி. "மாட்டுச்சந்தையில என்னை வித்தா இரும்பு விலையும் சேர்த்துக் கேளு" என்று சொல்லிக்கொண்டு திரிவான். மலைமாட்டுக்கு யார் ஆபரேஷன் பண்ணினார்கள்?

அப்புறம்தான் அந்தக் கறியை முதல் தடவையாகப் பார்த்தேன். இத்தனை நாள் நறுக்கினேன், பார்க்கவில்லை. நார் மெல்லியதாக இருக்கும், கொழுப்பே இருக்காது. பட்டினி கிடந்த மாடு என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். உள்கொட்டகைப் பலகை இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். மேலே வரிசையாகக் கொக்கிகள். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு டின். உன் வீட்டுக்கு வருகிற டின்.

ரத்தம் அவர்களுக்கு. கறி இவர்களுக்கு. ஒரே உடம்பு. பகையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பங்கு பிரித்துக்கொள்ளத்தான் பள்ளம்.

விருந்தன்று எங்களுக்கும் கறி உண்டு என்று பெருமையாக எழுதினேனே. போன சபதம் முடிந்த மூன்றாம் நாள் அந்த விருந்து. நான் இரண்டு தடவை கேட்டு வாங்கினேன், அக்கா. நன்றாக இருக்கிறது என்று மூத்தவரிடமே சொன்னேன். அவர் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

காலையிலிருந்து வாந்தி எடுக்கிறேன். வெறும் தண்ணீர்தான் வருகிறது. ஆனாலும் உள்ளே இருக்கிறது.

இங்கே மற்றவர்களிடம் சொன்னேன். "உங்க அக்கா மாளிகையில இருக்கா, அவ சொல்லிக்கொடுத்ததைப் பேசுறியா?" என்கிறார்கள். நான் உன்னிடம் பேசிய அதே பேச்சு. திருகாணியைக் காட்டினால் வண்டிச் சக்கரத்தில் கழன்றது என்கிறார்கள். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

பெயரைத் திரும்பக் கேட்டேன். மூத்தவர் சிரித்தார். "பேர் கொடுத்தா கொடுத்ததுதான், தம்பி."


வந்த 86ஆம் நாள்

தம்பி,

திருகாணி கிடைத்தது. கழுவவில்லை. அப்படியே முடிந்து வைத்திருக்கிறேன்.

 தெரியாமல்தான் சாப்பிட்டாய் என்று எழுதி, அடித்துவிட்டேன். நானும் அவர்கள் வாயைத் துடைத்த துணியைப் பளிச்சென்று வெளுத்து, மடித்து, நல்ல பெயர் வாங்கியிருக்கிறேன். மேலாள் ஒருநாள், "உன் கை பட்டா நடந்தது நடக்காத மாதிரி ஆயிடுதும்மா" என்றான். அன்று சந்தோஷப்பட்டேன். இப்போது அந்தக் கையை வெட்டிப் போடலாம் போலிருக்கிறது. எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று நாம் இரண்டு பேரும் இத்தனை நாள் சண்டை போட்டிருக்கிறோம், தூ.

யாரும் நம்பவில்லை என்கிறாய். உன்னையும் என்னையும் நம்ப வேண்டாம். அவரவர் கண்ணை நம்பட்டும்.

மிச்சமிருந்த பதின்மூன்று சட்டையையும் இன்று கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். சலவைக்காரி வாழ்நாளில் செய்யாத காரியம். போடும்போது கை பின்வாங்கியது, தள்ளினேன். கறை நன்றாகப் பிடித்துவிட்டது. காலரைச் சுற்றிக் காப்பி நிறத்தில் வளையம், இனி எந்தச் சோப்பும் எடுக்காது. அடையாள நூலையும் பிரிக்கவில்லை. காலரை உள்ளே மடித்துத் தேய்த்து அடுக்கிவிட்டேன், மேலாள் மூட்டையின் மேல்மடிப்பைத்தான் தடவிப் பார்ப்பான்.

முக்கியமானது இது. இந்தத் தடவை மாற்றிப் போடவில்லை. பண்ணையில் செத்தவர்களின் சட்டை பண்ணைக்கே வருகிறது. மாளிகையில் செத்தவர்களுடையது மாளிகைக்கே. பல்சக்கரம் போட்டவனோடு ஒரே பாயில் படுத்தவன் உங்கள் பக்கம் இருப்பான். அவன் காலரை விரிக்கட்டும். மூத்தவர் என்ன சொன்னார், சட்டை என்ன சொல்கிறது என்று அவனே பார்த்துக்கொள்வான். கறி வெட்டுகிறவர்களுக்கு அந்த வளையத்தை யாரும் விளக்க வேண்டாம்.

கண்ணாடி சட்டை உனக்கு. அதில் வளையம் இல்லை, அது என் தப்பு. நூல் இருக்கிறது.

சபதத்தன்று துவைக்கிற பெண்களைக் கூடத்தில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். குடை பிடிக்கிறவர்களிடம் இங்கே நான் பேசிவிட்டேன். பாதிப்பேர் என்னைத் திட்டினார்கள். மீதிப்பேர் சட்டை மூட்டையைப் பார்த்தார்கள்.

நீ சாகாமல் இரு. மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

அக்கா


சபத நாள்
பள்ளத்தின் மேடு

அக்கா,

நீ பார்க்க முடியாது என்பதால் எழுதுகிறேன். வண்டிக்காரர் வண்டியை அவிழ்த்துவிட்டுக் குதிரையில் வருகிறார். முதல் தடவையாக வாயைத் திறந்தார். "குடுடா, நான் முன்னால போறேன்" என்றார்.

காலையில் மூட்டையைப் பிரித்தார்கள். முதலில் எவனும் கவனிக்கவில்லை. என் பக்கத்தில் நின்ற சமையல்காரன் காலரை விரிக்கப் போனவன் அப்படியே நின்றான். வாத்து. அவன் தம்பியுடைய சட்டை. விரலால் வளையத்தைத் தடவினான். நகத்தால் சுரண்டினான். போகவில்லை. என்னைப் பார்த்து, "இது தொங்கவிட்டு அறுத்த ரத்தம்டா" என்றான்.  அவனே ஒவ்வொருவன் காலராகத் திருப்பிக்கொண்டு போனான். யாரும் கத்தவில்லை. மூத்தவர் வந்து, "போட்டுக்கோங்கப்பா, நேரமாச்சு" என்றார். போட்டுக்கொண்டோம். காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு.

பள்ளத்தில் இறங்கினோம். எதிர்ப்பக்கமும் இருபது பேர் இறங்கினார்கள். அவர்கள் காலரும் தூக்கியிருந்தது. பத்தடி தூரத்தில் நின்று கழுத்தைக் கழுத்து பார்த்துக்கொண்டோம். மேலே இரண்டு கரையிலிருந்தும், "அடி! அடி!" என்று சத்தம். எதிரில் இருந்த ஒருத்தி, உன் வயதிருக்கும், உலக்கையைக் கீழே ஊன்றி, "நீங்க முதல்ல போடுறீங்களா, நாங்க போடட்டுமா?" என்று கேட்டாள். நாங்கள் போட்டோம்.

அப்போதுதான் குடைகள் விழுந்தன. ஒன்று, அப்புறம் நாலு, அப்புறம் எல்லாம். காட்டேரிகள் தோல் கொப்பளித்துக்கொண்டு தவழ்ந்தார்கள். அந்த நாற்றம் இங்கே வரை அடித்தது. பகல் வேளை, ஓநாய்களுக்கு நகம்கூட முளைக்கவில்லை. இரண்டு வீட்டாரையும் எண்ணிப் பார்த்தேன். மொத்தம் இருபத்துமூன்று பேர். இத்தனை நாள் எண்ணவே தோன்றவில்லை.

இதைக் கேள். என் மூத்தவர், காட்டேரியைக் கண்டால் கடித்துக் குதறுவேன் என்று எங்களுக்கு முன்னால் மார் தட்டியவர், தொந்தி குலுங்க எதிர்க்கரைக்கு ஓடினார். விழுந்துகிடந்த ஒரு குடையை எடுத்தார். உங்கள் மாளிகைத் தலைவன் தலைக்கு மேலே பிடித்தார். மற்ற ஓநாய்களும் ஆளுக்கொரு குடையை எடுத்துக்கொண்டார்கள். காட்டேரிகள் அவர்கள் அக்குளுக்குள் ஒடுங்கிக்கொண்டார்கள். இரண்டு வீட்டாரும் ஒரே கரையில். கீழே நாங்கள். எனக்குச் சிரிப்பு வந்தது.

நாங்கள் அறுபத்திரண்டு பேர் அங்கே வருகிறோம். பொழுது சாய்வதற்குள் எல்லோரும் தொட்டிக்குள் இறங்கிவிட வேண்டும், சாய்ந்தால் அவர்களுக்குப் பல்லும் நகமும் திரும்பிவிடும். ஒரு தடவைக்கு இரண்டு பேர்தான் அதில் நுழையலாம். நீ முதலில் போ என்று சொன்னால் கேட்கமாட்டாய். அதனால் சொல்லவில்லை. நானும் நீயும் கடைசி.

தம்பி


வந்த 100ஆம் நாள்

தம்பி,

பூட்டை உடைத்துவிட்டோம். தொட்டியைக் காலி செய்து வைத்திருக்கிறேன்.

சீக்கிரம் வாருங்கள். ஒருவரும் சட்டையைக் கழற்ற வேண்டாம், வழியில் வாய்க்கால் இருந்தாலும் அலச வேண்டாம். திருகாணி என் மடியில் இருக்கிறது. இவற்றை அப்படியே கொண்டுபோய் நம் சூப்பர்வைசர் மேஜையில் விரிக்கவேண்டும். அந்தப் பக்கம் டிரையர் வாசலில் அடுத்த ஆட்களை வரிசையில் நிறுத்தி வைத்திருப்பார். முதலில் அவர்கள் பார்க்கட்டும்.

அக்கா